புல்வெட்டி மிஷினுக்குப் பூசிய திருநீறு

பீளமேட்டில் மில் கட்டிப் பெரிய மனிதரான திருமூர்த்திக் கவுண்டரின் பங்களாவில் நான் குமாஸ்தாவாக இருந்தேன். என் பெயர் கோவிந்தராஜுலு. அதை முழுசாகச் சொல்லப் பொறுமை இல்லாமல் எல்லாரும் நாயுடு என்பார்கள். என்னைப் பற்றி அவ்வளவு போதும். சொல்ல வந்தது ராசப்பனைப் பற்றி. 'கொடுத்து வைத்தவன், வெள்ளைக்காரன் கிளப்பில் மிஷின்காரன் ஆகிவிட்டான்' என்றுதான் ஊரில் அவனைப் பற்றிப் பேசுகிறார்கள். கேட்கும்போதெல்லாம் எனக்குப் பற்றிக்கொண்டு வருகிறது. கொடுத்து வைத்தானாம். அவனுக்கு யார் என்ன கொடுத்தார்கள் என்று கூடவே இருந்து பார்த்தவன் நான்.

ராசப்பன் காரமடைக்குக் கிழக்கே மானாவாரிக் காட்டில் பருத்தி போட்டுப் பிழைத்தவன். மழை அடுத்தடுத்துப் பொய்த்ததில் காடு கையை விட்டுப் போனது. பெற்றவர்களும் போய்ச் சேர்ந்தார்கள். கல்யாணம் கட்டிக்கொள்ளவும் வழியில்லை. கடைசியில் மிஞ்சியது ஒரு மயிலைக் காளை. அதையும் விற்கச் சந்தைக்கு ஓட்டி வந்தான். வாங்கியவர் எங்கள் கவுண்டர். கயிறு மாற்றிக் கொடுத்த பிறகும் ஆள் நகரவில்லை. மாட்டின் பின்னாலேயே நடந்து பங்களா வரைக்கும் வந்துவிட்டான்.

"இன்னும் என்னப்பா?" என்று கவுண்டர் கேட்டார்.

"புது ஆளு வெச்சா தண்ணி குடிக்காதுங்க. ரெண்டு நாளு இருந்து பழக்கி உட்டுட்டுப் போயர்றேனுங்க."

அந்த இரண்டு நாள் வருஷக் கணக்கில் நீண்டது. மாடு பழகிவிட்டதா என்று யாரும் கேட்கவில்லை, அவனும் சொல்லவில்லை. தோட்டத்து வேலை, தண்ணீர் இறைப்பு, வண்டி ஓட்டுவது என்று ஒவ்வொன்றாக அவன் தலையில் விழுந்தது. எங்கே மாடு இருக்குமோ அங்கே அவன் இருப்பான். மாட்டுக் கொட்டகையில்தான் படுக்கை.

இப்படி ஓடிக்கொண்டிருந்த பிழைப்பில் மண் விழுந்தது ஒரு டீ விருந்தினால். கவுண்டரை வெள்ளைக்காரத் துரைமார் தங்கள் கிளப்புக்கு ஒரு மாலை அழைத்திருந்தார்கள். என்ன தின்றார், என்ன பேசினார் என்று ஒன்றும் சொல்லவில்லை. வந்ததும் வராததுமாக, பங்களாவுக்கு முன்னால் முழங்கால் உயரம் நின்ற சோளத்தை அழிக்கச் சொன்னார். அங்கே புல் வளர்க்க வேண்டுமாம். அதற்குப் பெயர் லானாம்.

கொங்கு நாட்டில் ஒரு குடியானவன் பிறந்தது முதல் கட்டை வேகும்வரை செய்கிற வேலை காட்டிலிருந்து புல்லைக் கொத்தி எறிவதுதான். கவுண்டரின் சம்சாரம் வள்ளியாத்தாள், பேச்சில் சுருக்கமானவர். வாசலில் நின்று பார்த்துவிட்டு, "எங்கப்பன் ஊட்டுல அருகைப் புடுங்க ஆளு உடுவாங்க. இங்க நடறதுக்கு ஆளு உடறாங்க" என்று சொல்லிவிட்டு உள்ளே போனார்.

புல் வளர்ந்தது. வளர்ந்ததை வெட்ட, கிளப்பில் கழித்துப்போட்ட வெட்டும் உருளை ஒன்று வந்து சேர்ந்தது. அதை மாடு இழுக்க வேண்டும். குளம்பு புல்லில் பதியக் கூடாது என்று மாட்டின் நாலு காலுக்கும் தோலில் செருப்பு தைத்துப் போடுவார்கள். ஊரில் பாதிப் பேர் வெறுங்காலோடு வெயிலில் நடந்த காலத்தில், மயிலை மட்டும் செருப்பு மாட்டிக்கொண்டு அசைந்து அசைந்து நடந்தது. மில்லுக்குப் போகிறவர்கள் வேலியோரம் நின்று வேடிக்கை பார்த்துவிட்டுத்தான் போவார்கள். ராசப்பனுக்குப் பெருமை தாங்காது.

அத்தோடு விட்டிருக்கலாம். ஆனால் மில் முதலாளிக்கு மாடு எப்படிப் பொருந்தும்? ஊட்டிப் பக்கம் எஸ்டேட்டை விற்றுவிட்டுச் சீமைக்குப் புறப்பட்ட ஒரு துரையிடமிருந்து பெட்ரோலில் ஓடும் புல்வெட்டி மிஷினைக் கவுண்டர் வாங்கிவிட்டார். துரையின் டிரைவர் அதைக் கொண்டுவந்து இறக்கி, சாயங்காலம் ஓட்டிக் காட்டினான். ஹேண்டிலை ஒரு சுற்றுச் சுற்றியதும் படபடவென்று கிளம்பிவிட்டது. எல்லாரும் வாய் பிளந்து நின்றோம். மிஷினின் தலையில் முட்டைபோல் நீட்டிக்கொண்டிருந்த வெள்ளைப் பீங்கானைக் காட்டி, "இதுதான் பிளக்கு. இதுல பொறி வந்தா மிஷினுக்கு உசுரு, வராட்டிப் பொணம்" என்றான் டிரைவர்.

கவுண்டர் புல்லைப் பார்த்தார், மாட்டைப் பார்த்தார். "இனி மாடு எதுக்கு? இது ஒரு வாரம் ஒழுங்கா ஓடட்டும். மயிலையைக் கண்ணபுரம் தேர்ச் சந்தைக்கு ஓட்டிப்போடலாம்" என்றார்.

மயிலைக்கு வயசாகிவிட்டிருந்தது. அந்த வயசு மாட்டைச் சந்தையில் யார் வாங்குவார்கள், வாங்கி எந்தத் திசைக்கு ஓட்டுவார்கள் என்று எங்கள் பக்கத்தில் எல்லாருக்கும் தெரியும். பாலக்காட்டுக் கணவாய் தாண்டிப் போகிற கிழமாடு ஏர் பூட்டப் போவதில்லை. ராசப்பன் அப்போது மயிலையின் செருப்பை அவிழ்த்துக்கொண்டிருந்தான். காதில் விழுந்தது. அவிழ்த்த செருப்பையே திரும்பக் கட்டினான், மறுபடியும் அவிழ்த்தான்.

புது மிஷினை ஓட்டும் வேலையும் ராசப்பனுக்கே வந்தது. புல் அவன் பொறுப்பு, அதனால் மிஷினும் அவன் பொறுப்பு. மில்லில் காலையில் ஓட்டம் தொடங்குமுன் ஒவ்வொரு மிஷினுக்கும் திருநீறு பூசுவது எங்கள் வழக்கம். பூசாமல் பெல்ட்டைத் தொட எவனுக்கும் தைரியம் வராது. பங்களா மிஷின் மட்டும் என்ன பாவம் செய்தது? வள்ளியாத்தாள் அவிநாசிக் கோயில் திருநீறு ஒரு மண்கிண்ணம் நிறையக் கொடுத்து, "தெனமும் காத்தால பூசிப்போட்டு ஓட்டு ராசப்பா. அந்த டிரைவர் உசுருன்னானே, அந்த எடத்துல பூசு" என்றார்.

மறுநாள் விடிகாலை ராசப்பன் பூசினான், ஹேண்டிலைச் சுற்றினான். மிஷின் கிளம்பவில்லை.

கை சலிக்கும்வரை சுற்றினான். அதற்கு அடுத்த நாளும் அப்படியே. 'வெயில் ஏறினால் வெட்டுப்பட்ட புல் கருகும்' என்று யாரோ துரை சொன்னதைப் பிடித்துக்கொண்டு, விடியற்காலையில்தான் புல் வெட்ட வேண்டும் என்று கவுண்டரின் உத்தரவு. அதனால் மிஷின் மறுத்ததும் மயிலைக்குச் செருப்பு மாட்டி வெட்டி முடித்துவிட்டு, ராசப்பன் தோட்டத்துக் கிணற்றுக்குத் தண்ணீர் இறைக்கப் போய்விடுவான். பகலில் மிஷினைத் தொட ஆள் இல்லை. 'ஆள் வேண்டுமென்றே கெடுக்கிறானோ' என்று கவுண்டருக்கு ஒரு சந்தேகம் வந்தது. மில்லிலிருந்து மாசாணம் என்ற ஆளை வரவழைத்து ஒருநாள் காலையில் சுற்றச் சொன்னார். அவனுக்கும் கிளம்பவில்லை. ராசப்பன் மேல் பழி இல்லை என்று ஆயிற்று.

உண்மையிலேயே அவன் கெடுக்கவில்லை. ஒரு கம்பியைத் தளர்த்திவிட்டிருந்தால் போதும், யாருக்கும் தெரிந்திருக்காது. அது அவன் புத்திக்கு எட்டாததும் அல்ல. எண்ணெய் போட்டான், தூசி துடைத்தான், இரவில் சாக்குப் போட்டு மூடினான். முதலாளி சாமானில் கை வைப்பது பாவம் என்பது அவன் கட்சி. ஆனால் சாமியிடம் முறையிடுவது பாவமில்லையே. ஒரு விடிகாலையில் நான் வேப்பங்குச்சி ஒடிக்கக் கொட்டகைப் பக்கம் போனபோது அவன் குரல் கேட்டது. உள்ளங்கையில் திருநீற்றைத் தண்ணீர் விட்டுக் குழைத்து, மூன்று விரலால் அந்த வெள்ளைப் பீங்கானுக்குப் பட்டை போட்டுக்கொண்டிருந்தான்.

"அவிநாசியப்பா, எம்பட மாடு இந்த ஊட்டைத் தாண்டிப் போகப்படாது. இந்த எழவு மிஷினு ஓடப்படாது சாமி."

எனக்குச் சிரிப்பை அடக்க முடியவில்லை. திருநீறு வள்ளியாத்தாளுடையது, மிஷின் ஓட வேண்டும் என்று அவர் கொடுத்தது. பூசுகிற கையோ ஓடக் கூடாது என்று பூசுகிறது. மிஷின் நிற்க நிற்க அந்த அம்மாள் இன்னும் கொஞ்சம் அதிகமாகப் பூசச் சொல்லுவார். இவனும் மனமார அதிகமாகப் பூசுவான். இவர்கள் இரண்டு பேருக்கும் நடுவில் அவிநாசியப்பர் என்னதான் செய்வார் என்று நினைத்துக்கொண்டேன்.

வேறு வழியில்லாமல் கோட்டைமேட்டிலிருந்து அமீர் ஹம்சாவை வரவழைத்தார்கள். பஸ், லாரி, எண்ணெய் இஞ்சின் எதுவானாலும் கோயமுத்தூரில் அவர்தான் கடைசித் தீர்ப்பு. 'தெரியவில்லை' என்ற வார்த்தை அவர் வாயில் வந்து யாரும் கேட்டதில்லை. காலையில் பஸ்களை அனுப்பி, மதியத் தொழுகை முடித்து, சாப்பிட்டு, வெற்றிலை போட்டுக்கொண்டுதான் எங்கள் பக்கம் வருவார். மத்தியான வெயிலில் மிஷினைச் சுற்றி வந்து, காது கொடுத்துக் கேட்டு, பிளக்கைக் கழற்றி உள்பக்கத்தைப் பார்த்தார்.

"கரி புடிச்சிருக்குங்க. பொறி எப்படி வரும்?"

கம்பித் தூரிகையால் தேய்த்து மாட்டி ஹேண்டிலைச் சுற்றினார். முதல் சுற்றிலேயே கிளம்பியது. மீசையைத் தடவிக்கொண்டு போனார். மறுநாள் விடிகாலை, பிணம்.

அடுத்த முறை வந்தபோது குற்றம், பிளக்குக்குக் கரண்டு கொடுக்கிற மேக்னெட்டோவுக்குள் இருந்தது. தகடு இரண்டும் சரியாக முட்டவில்லையாம். அரத்தால் ஒரு தேய்ப்பு, கிளம்பியது. அதற்கு அடுத்த முறை பெட்ரோல் பழசு. பிறகு ஒயரின் மேல்தோலில் வெடிப்பு. ஒவ்வொரு தடவையும் அவர் எதையாவது தேய்ப்பார், மிஷின் உடனே ஓடும். அவர் தேய்த்ததால்தான் ஓடுகிறது என்று அவருக்கும் தோன்றியது, எங்களுக்கும் தோன்றியது. ஒன்றையும் தேய்க்காமல் ஒருதரம் சுற்றிப் பார்த்திருந்தால் அப்போதே விஷயம் விளங்கியிருக்கும். மெக்கானிக்கைக் கூப்பிட்டுவிட்டுச் சும்மா சுற்றிப் பார்க்கச் சொல்லுவார்களா யாராவது?

மிஷின் உறுமும்போதெல்லாம் ராசப்பன் முகம் செத்துப்போகும். மறுநாள் காலை அது மறுக்கும்போது உயிர் வரும். நல்லவன் ஒருவன் நாள்தோறும் இப்படிச் செத்துப் பிழைப்பதை எத்தனை நாள் பார்ப்பது? ஒருநாள் மனசு ஆறாமல், "மாட்டை நீயே கேட்டு வாங்கிக்கொண்டு ஊருக்குப் போயேன்" என்று சொன்னேன்.

"ஊருல என்ன இருக்குதுங்க, தீவனம் போட? இங்கின இருந்தாத்தான் அதுக்கு வவுத்துக்கு ஆகும்" என்றான்.

துரைமாரைத் தம் வீட்டு டீக்கு அழைத்துவிட்டார் கவுண்டர். விருந்தன்று காலையில் மிஷின் வெட்டிய புல்தான் இருக்க வேண்டும், மாடு வெட்டியது ஆகாது. அமீர் ஹம்சாவுக்கு வண்டி அனுப்பி, கோழி கூவும்போதே கொண்டுவந்து சேர்த்துவிட்டார்கள். அவர் அந்த மிஷினை விடிகாலையில் பார்ப்பது அதுதான் முதல் தடவை. ராசப்பன் பூசி முடித்து ஒதுங்கி நின்றான். அமீர் ஹம்சா ஹேண்டிலைச் சுற்றினார். ஊகூம். தலைப்பாகையைக் கழற்றி வைத்துவிட்டுச் சுற்றினார். ஊகூம். ராசப்பனைச் சுற்றச் சொல்லிவிட்டு அரையிருட்டில் பிளக்குக்கு நேராகக் குனிந்தார்.

அப்படியே அசையாமல் நின்றவர், "நாயுடு, இங்க வந்து பாருங்க" என்றார்.

ராசப்பன் சுற்றச் சுற்ற, பீங்கானின் வெளிப்புறத்தில், ஈரத் திருநீற்றின் மேல் நீலமாக ஒரு ஒளிப்புழு நெளிந்து இறங்கியது. உள்ளே குதிக்க வேண்டிய பொறி வெளியிலேயே நடந்து போய்க்கொண்டிருந்தது. அமீர் ஹம்சா விரலை வைத்துப் பார்த்து, சுரீரென்று வாங்கிக்கொண்டு உதறினார். அந்த அடியில் அவருக்கு அத்தனை சந்தோஷம். பெட்ரோல் துணியால் பீங்கானைப் பளிச்சென்று துடைத்தார், ஒரு சுற்றுச் சுற்றினார். விடியாத இருட்டில் மிஷின் படபடத்தது. பங்களாவே எழுந்து வந்துவிட்டது.

கவுண்டரும் வள்ளியாத்தாளும் எதிரில் வந்து நின்றதும் அமீர் ஹம்சாவுக்குத் தலைகால் புரியவில்லை. மிஷினை நிறுத்திவிட்டு விளக்க ஆரம்பித்தார்.

"கரண்டு சோம்பேறிங்க. சுலுவா ஒரு வழி கெடைச்சா அதுலதான் போகும். இந்தப் பீங்கான் அதுக்கு ஒரு செவுரு. அந்தச் செவுத்து மேல ஈரச் சாம்பலைப் பூசிப்போட்டா, ஏணி வெச்சுக் குடுத்த மாதிரிங்க. எறங்கிப் போயிருது. மத்தியானம் காஞ்சு போனா ஏணி இல்லீங்க, ஓடும். மறுக்காக் காத்தால..."

அந்த இடத்தில்தான் தான் எதைச் சாம்பல் என்று யார் முன்னால் சொல்லிக்கொண்டிருக்கிறோம் என்பது அவருக்கு உறைத்தது.

"சாம்பலுங்களா?" என்று கேட்டார் வள்ளியாத்தாள்.

"தப்புங்க அம்மணி, துண்ணூறுங்க. துண்ணூறு ஒண்ணும் பண்ணாதுங்க. எடம்தான்... கைப்பிடில வெச்சுக்கலாமுங்க. சக்கரத்துல வெச்சுக்கலாமுங்க. பிளக்குல மட்டும் வேண்டாமுங்க."

"சாமிக்கு எடம் இந்த மிஷினு சொல்லுதுங்களா?" அந்த அம்மாள் குரலை உயர்த்தவே இல்லை. கவுண்டர் பக்கம் திரும்பினார். "ஏனுங்க, நம்ம மில்லுல இருக்கற மிஷினெல்லாம் பூசிக்கிட்டு ஓடலீங்களா? இத்தனை நாளும் பாவம், சீக்குச் சாமானம்னு நெனச்சுப் பொறுத்துக்கிட்டேன். சீக்கு இல்லீங்களாம், துண்ணூறுதான் ஆகாதாமா. அவிநாசியப்பன் துண்ணூறு பட்டா உசுரு போற சாமானம் ஊட்டுல எதுக்குங்க?"

ஓடாதவரைக்கும் அந்த வீட்டில் மிஷினுக்கு இடம் இருந்தது. ஒரு குறையும் இல்லை என்று தெரிந்த மறுநிமிஷம் இடமில்லாமல் போனது. கவுண்டர் மில்லை நினைத்துப் பார்த்தார். மில்லில் நாளைக்கு எவனாவது, 'முதலாளி வீட்டில் திருநீறு ஆகாத மிஷின் இருக்கிறதாமே' என்று கேட்டால் என்ன பதில் சொல்லுவது? அமீர் ஹம்சா தலைப்பாகையை எடுத்துக் கட்டிக்கொண்டார். கோயமுத்தூரில் தாம் கண்டுபிடித்ததற்காக அவர் வருத்தப்பட்ட ஒரே குற்றம் அதுவாகத்தான் இருக்கும்.

கொட்டகைக்குப் பின்னால் ராசப்பன் என்னைப் பிடித்துக்கொண்டான். கண்ணெல்லாம் தண்ணீர்.

"துண்ணூறுதான் மிஷினை நிறுத்துச்சுன்னு பாய் சொல்றாருங்களே."

"ஆமாம்."

"நானும் அதைத்தானுங்க சொல்றேன்" என்று அவிநாசி இருக்கும் திசைக்குக் கும்பிட்டான். அதற்கு மேல் அவனுக்கு மின்சாரத்தை விளக்க எனக்கு மனம் வரவில்லை.

விருந்து நடந்தது. மயிலை வெட்டிய புல்லைத்தான் துரைமார் மிதித்தார்கள்; ஒருவரும் வித்தியாசம் கண்டுபிடிக்கவில்லை. கவுண்டர் கெட்டிக்காரர். வீட்டில் வைக்க முடியாத மிஷினைக் கிளப்புக்குக் காணிக்கையாகக் கொடுப்பதாக அங்கேயே அறிவித்துவிட்டார். கைதட்டினார்கள். கிளப்புச் செக்ரட்டரி துரைக்கு ஒரே ஒரு கவலை: இதை ஓட்டத் தெரிந்த ஆள் வேண்டுமே.

அமீர் ஹம்சாவைக் கேட்டார்கள். அவருக்கு ராசப்பன் மேல் ஒரு பச்சாதாபம். தம்மால் அவன் வேலைக்கு ஏதாவது பங்கம் வந்துவிடுமோ என்று பயந்து, அவனைத் தூக்கி உச்சியில் வைத்தார். "இந்த மிஷினோட கொணம் தெரிஞ்சவன் ஊருல இவன் ஒருத்தன்தானுங்க" என்றார். செக்ரட்டரி துரைக்குத் திருப்தி. கவுண்டருக்கும் திருப்தி. மிஷினோடு ஆளையும் சேர்த்துக் கொடுத்துவிட்டார். கிளப்பில் காக்கிச் சட்டை, குடியிருக்க ஓர் ஓட்டு வீடு. மாடு? அது பங்களாவில் இருக்கும், இல்லாவிட்டால் அங்கே புல்லை யார் வெட்டுவது? இனி அதை விற்கிற பேச்சே கிடையாது. மாசாணம் பார்த்துக்கொள்ளுவான்.

நான் கவுண்டரிடம் போய்ச் சொல்லிப் பார்த்தேன். "மாட்டை விட்டு இருக்க மாட்டான்" என்றேன். அவர் சிரித்தார். "நாயுடு, மாட்டுக்காவ எவனாச்சும் கிளப்பு வேலையை உடுவானா? அவனுக்கு நல்ல காலம் பொறந்திருக்குது. கெடுத்துப்போடாதீங்க" என்றார். கெட்ட எண்ணம் அதில் துளியும் இல்லை. அதுதான் எனக்கு ஆத்திரம். ஒருவர் கெட்டவராக இருந்திருந்தால் அவரைத் திட்டியாவது மனதை ஆற்றிக்கொண்டிருப்பேன்.

ராசப்பனிடம் போனேன். "வாயைத் திறந்து கேளேன். போக மாட்டேன் என்று சொல்லேன்" என்று கத்தினேன்.

"மாடு இந்த ஊட்டைத் தாண்டிப் போகப்படாதுன்னு கேட்டனுங்க. அப்படியே குடுத்துப்போட்டாருங்க" என்றான். கொஞ்ச நேரம் மாட்டின் கழுத்தைச் சொறிந்துகொண்டிருந்தான். "என்னையும் கூட வெய்யின்னு கேக்கத் தோணலீங்க. நான் எங்க போகப் போறேன்னு இருந்துட்டேன். இனி எந்த மூஞ்சியை வெச்சுக்கிட்டு மறுக்காப் போயி நிக்கறது?"

கிளப்புக்கு மிஷினைக் கொண்டுபோக வண்டி வேண்டும். பங்களாவில் இருந்தது ஒற்றை மாட்டு வண்டி ஒன்றுதான். மயிலைதான் இழுத்தது. ராசப்பன் ஓட்டினான். மாசாணமும் நானும் மிஷினைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்தோம். வழி நெடுக ராசப்பன் மாசாணத்துக்குச் சொல்லிக்கொண்டே வந்தான்: முன்னங்கால் செருப்பு இறுக்கிக் கட்டினால் புண்ணாகும், தண்ணீரில் ஒரு பிடி தவிடு கலக்காமல் வைத்தால் முகர்ந்துவிட்டு விலகும், இறக்கத்தில் அதட்டக் கூடாது. மாசாணம் எல்லாவற்றுக்கும் "ஆகட்டுங்க" என்றான். அவன் கேட்டுக்கொண்டானா என்பது எனக்குத் தெரியவில்லை.

கிளப்பில் மிஷினை இறக்கியதும் செக்ரட்டரி துரை வந்து நின்றுவிட்டார். உடனே ஓட்டிக் காட்ட வேண்டும் என்று பட்லர் அவசரப்படுத்தினான். ராசப்பன் கயிற்றை மாசாணத்தின் கையில் கொடுத்துவிட்டு மிஷினிடம் போனான். நான் வண்டியின் பின்பக்கம் ஏறி உட்கார்ந்தேன். வண்டி கிளம்பியும் மயிலை மெதுவாகத்தான் நடந்தது. கேட்டருகே போய் நின்றே விட்டது. கழுத்தைத் திருப்பிப் பார்த்தது.

அந்த நேரம் ராசப்பன் ஹேண்டிலைச் சுற்றினான். ஒரே சுற்று. மிஷின் உறுமியது. மயிலை மிரண்டு காலை எட்டிப் போட்டுப் பறந்தது. ராசப்பன் ஹேண்டிலைப் பிடித்தபடி நிமிர்ந்து பார்த்துக்கொண்டே நின்றான். துரை அவன் முதுகில் தட்டிக்கொடுத்தார். மாசாணம் கயிற்றை இழுத்துப் பிடிக்கவே இல்லை. சீக்கிரமாகவே வீடு வந்து சேர்ந்துவிட்டோம்.